அட்டைப்பெட்டியின் மேல் ஒரு சாசனம்

தருமபுரி மாவட்டத்து அரூர் வட்டத்தில், தென்பெண்ணை ஆற்றுக்கு அணித்தாக நிமிர்ந்து நிற்கும் தீர்த்தமலைக்கு யாத்திரை வருவோர், படியேறித் தீர்த்தகிரீசுவரரைத் தரிசித்து, பாறையின் உச்சியிலிருந்து மெல்லிய தாரையாக விழும் இராம தீர்த்தத்தில் தலையை நனைத்து, குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகஸ்திய தீர்த்தம், அக்கினி தீர்த்தம் ஆகியவற்றையும் கண்டு இறங்குவது தொன்றுதொட்டு வந்த வழக்கம். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற இந்தப் புராதன ஸ்தலத்தின் பெயரை முதலில் உச்சரித்துவிட்டுக் கம்ப்யூட்டர் மானிட்டரைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு விபரீதமாகத் தோன்றலாம். ஆனால், பட்டா நகலும் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் திரையின் வழியாகவே குடியானவன் கைக்கு வந்து சேரும் இக்காலத்தில், மலையடிவாரத்துச் சிற்றூர்களிலும் ஜெராக்ஸ் கடை வைக்க எண்ணுபவரும், கல்லூரிக்குப் போகும் பிள்ளையைப் பெற்றவரும், இன்றோ நாளையோ ஒரு மானிட்டர் வாங்கத்தான் போகிறார்கள்; அரூருக்கோ தருமபுரிக்கோ பஸ் ஏறிச் சென்று, கடைக்காரர் எடுத்து வைக்கும் அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்த்து, ஒன்றும் விளங்காமல், "இதுல எதுங்க நல்லது?" என்று அவரையேதான் கேட்கப் போகிறார்கள்.

அந்தப் பெட்டியில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது? 21.5 இஞ்ச் என்று ஓர் எண், 16:9 என்று ஒரு விகிதம், 1920-க்கு 1080 என்று இரண்டு எண்கள், 75 ஹெர்ட்ஸ் என்றும் 5 மில்லிசெகண்ட் என்றும் 178 டிகிரி என்றும் சில குறிப்புகள், ஐ.பி.எஸ்., எல்.இ.டி., ஹெச்.டி.எம்.ஐ. என்று மூன்றெழுத்து நான்கெழுத்துச் சங்கேதங்கள். நிலமளக்கும் கோலின் நீளத்தைக் கோயிற் சுவரிலே கல்லில் வெட்டி வைக்கும் சம்பிரதாயம் தமிழகத்துத் தலங்கள் பலவற்றில் இருந்தது; பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று அக்கோல்களைச் சாசனங்கள் குறிப்பிடுகின்றன. யாருடைய சாண், எந்தக் காலத்துச் சாண் என்பது மறந்து போய்ப் பல தலைமுறைகள் கழிந்த பின்னும் அந்தக் கோலாலேயே நிலம் அளக்கப்பட்டு வந்ததைப் போலவே, இந்த அட்டைப்பெட்டியின் அளவுகளும் அவற்றுக்குக் காரணமாயிருந்த பொருள்கள் உலகைவிட்டே மறைந்த பிறகு நம்மிடம் வந்து சேர்ந்தவை. அவை பிறந்த கதையை அறிந்துகொண்டவனைக் கடைக்காரர் ஏமாற்றுவது சற்றுச் சிரமம்.

அங்குலத்திலிருந்து தொடங்குவோம். நீளமும் அகலமும் உடைய ஒரு பலகையை வாங்கும்போது நாம் நீளத்தையும் அகலத்தையும் கேட்கிறோம். கட்டிலுக்கும் கதவுக்கும் அதுவே முறை. திரைக்கு மட்டும் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இழுத்த கோட்டின் நீளத்தை, அதாவது மூலைவிட்டத்தைச் சொல்லி விற்கிறார்களே, இது எங்கிருந்து வந்த விநோதம்? 1897-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயின் ஒரு முனையிலிருந்து எலெக்ட்ரான் கதிரைச் செலுத்தி, மறுமுனையில் ஒளிரும் பொருள் பூசிய பரப்பில் ஒரு புள்ளியை மினுங்கச் செய்தார். காற்று மண்டலத்தின் அழுத்தத்தைத் தாங்கும் கண்ணாடிக் குடுவையைச் செய்வதற்கு வட்ட வடிவமே இலகுவானது. ஆகவே அந்தக் குழாயின் முகம் வட்டமாக இருந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் 1946-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் பெருவாரியாக விற்ற தொலைக்காட்சிப் பெட்டியில்கூட முகப்பில் பத்தங்குல வட்டக் குழாய்தான் இருந்தது. அதன் மேலும் கீழும் பக்கங்களும் மறைக்கப்பட்டுச் சதுரத்தை ஒத்த ஒரு படம் தெரிந்தது. வட்டத்துக்கு ஒரே அளவுதான் உண்டு: விட்டம். அதைத்தான் வியாபாரிகள் சொன்னார்கள். 1950-ஐ ஒட்டிச் செவ்வகக் குழாய்கள் சந்தைக்கு வந்தபோது, பழைய வட்டக் குழாயோடு ஒப்பிட்டு விலை சொல்ல வேண்டியிருந்தபடியால், செவ்வகத்தின் மூலைவிட்டத்தைப் பழைய விட்டத்தின் ஸ்தானத்தில் வைத்தார்கள். வட்டக் குழாயைக் கண்ணால் கண்டவர் இன்று நம்மிடையே அரிது. அதன் விட்டம் மட்டும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் உயிரோடிருக்கிறது.

இந்த ஓர் எண் வாங்குபவனை ஏமாற்ற இரண்டு வழிகள் இருந்தன. குழாயின் விளிம்பு பிளாஸ்டிக் சட்டத்துக்குள் மறைந்திருக்கும்; மறைந்த பகுதியையும் சேர்த்தே அங்குலம் சொன்னார்கள். 15 அங்குலம் என்று வாங்கிய மானிட்டரில் கண்ணுக்குத் தெரிந்தது ஏறக்குறைய 13.8 அங்குலந்தான். தொண்ணூறுகளில் அமெரிக்காவில் இதற்காக வழக்கே நடந்து, அதன் விளைவாகத் தெரியும் அளவைத் தனியாக அச்சிட வேண்டியதாயிற்று. இன்றைய தட்டைத் திரைகளில் இந்தக் குறை நீங்கிவிட்டது. சொன்ன அளவு தெரியும்.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது, இன்றும் உயிரோடிருப்பது. தமிழக அரசு 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்தநாளில், இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கி, எல்காட் நிறுவனத்தின் மூலம் கொள்முதல் செய்து, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வழங்கியது 14 அங்குலப் பெட்டி. அதே எல்காட்டின் மூலம் 2011-ஆம் ஆண்டு, அதே செப்டம்பர் 15-இல் தொடங்கி, மாணவர்களுக்கு வழங்கப்பட்ட மடிக்கணினியின் திரையும் 14 அங்குலம். (டெல்லியில் இந்தியாவின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு நடந்த நாளும் 1959 செப்டம்பர் 15 என்பது காலம் செய்த வேடிக்கை.) கூரை வீட்டுக்குள் மூங்கில் தட்டியின்மேல் வந்து உட்கார்ந்த அந்தப் பெட்டியையும், சில ஆண்டுகளில் அதே வீட்டுப் பிள்ளை தோள்பையில் சுமந்து வந்த இந்தத் திரையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல. நான்குக்கு மூன்று என்ற விகிதமுடைய பழைய திரையின் மூலைவிட்டம் 14 அங்குலமானால் அதன் பரப்பு 94 சதுர அங்குலம். பதினாறுக்கு ஒன்பது என்ற புதிய விகிதத்தில் அதே 14 அங்குலத்துக்குப் பரப்பு 84 சதுர அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மூலைவிட்டம் மாறாமலிருக்கத் திரையை அகட்ட அகட்டப் பரப்பு குறைந்துகொண்டே போகும். ஆதலால் விகிதத்தைக் கேளாமல் அங்குலத்தை மட்டும் கேட்பது, குழி எத்தனை என்று கேளாமல் வரப்பின் நீளத்தைக் கேட்டு நிலம் வாங்குவதாகும்.

விகிதத்தின் கதை தொலைக்காட்சிக்கும் முந்தியது. தாமஸ் எடிசனின் தொழிற்சாலையில் டிக்ஸன் என்பவர் 1890-களின் தொடக்கத்தில் 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படத்துக்கு நான்கு துளைகள் என்று அமைத்தபோது உண்டானதே நான்குக்கு மூன்று. சினிமா அதைக் கைக்கொண்டது. தொலைக்காட்சி சினிமாவிடமிருந்து கற்றது. கம்ப்யூட்டர் தொலைக்காட்சியிடமிருந்து வாங்கிக்கொண்டது. ஐம்பதுகளில் ஜனங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து படம் பார்க்கத் தொடங்கியதும் திகிலடைந்த ஹாலிவுட், வீட்டுப் பெட்டியால் காட்ட முடியாத அகன்ற படத்தைக் காட்ட எண்ணி, 1953-இல் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. தமிழில் 1973-இல் 'ராஜராஜ சோழன்' அந்த அகலத்தில் வெளிவந்தது. பின்னாளில், பழைய சதுரத்தை ஒத்த படத்தையும் அகன்ற படத்தையும் ஒரே திரையில் அதிக நஷ்டமின்றிக் காட்டுவதற்கு எந்த விகிதம் தக்கது என்று கணக்கிட்டபோது, எண்பதுகளில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர் இரண்டு எல்லைகளுக்கும் நடுவே கண்ட சமரசந்தான் பதினாறுக்கு ஒன்பது. அதுவரை எந்தச் சினிமாவும் அந்த விகிதத்துக்கென்று எடுக்கப்பட்டதன்று. கட்சிக்காரர் இருவருக்கும் சரிபாதி மனக்குறை வைத்துச் செய்த பஞ்சாயத்துத் தீர்ப்பு அது. கடிதமும் கணக்கும் மேலிருந்து கீழாக நீள்பவையாகையால், எழுத்து வேலைக்குப் பதினாறுக்குப் பத்து என்ற சற்று உயரமான திரை மேலானது. 2008-ஐ ஒட்டி அது அருகிப்போனதற்குக் காரணம், டி.வி.க்கும் மானிட்டருக்கும் ஒரே கண்ணாடிப் பாளத்திலிருந்து ஒரே வடிவில் துண்டு போடுவது தொழிற்சாலைக்கு லாபம் என்பதே.

பெட்டியில் உள்ள ஹெர்ட்ஸ் கணக்கை அறியத் தொலைக்காட்சி நம் நாட்டுக்கு வந்த கதைக்குப் போக வேண்டும். தருமபுரி, சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1965 அக்டோபரில். டெல்லியில் தொலைக்காட்சி தினசரி நிகழ்ச்சியானதும் அந்த ஆண்டில்தான். இந்தியாவில் வேறெங்கும் அப்போது தொலைக்காட்சி இல்லை. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-இல் நிலையம் தொடங்கியது. வண்ணம் வந்தது 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் ஆண்டில். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தொலைவாகிப்போன இவ்வட்டார ஜனங்கள், உயர்ந்த கம்பத்தில் ஏரியலைக் கட்டி, ஒருவர் கூரைமேல் நின்று அதைத் திருப்ப, மற்றொருவர் வாசலில் நின்று "இப்பத் தெரியுது, இப்பப் போயிடுச்சு" என்று கூவி, புள்ளிமழைக்குள்ளே 'ஒலியும் ஒளியும்' என்ற சினிமாப் பாட்டு நிகழ்ச்சி கண்ட காலமது. ஆனால், அந்த மங்கலான படத்துக்குப் பின்னே துல்லியமான கணக்கொன்று இருந்தது: நொடிக்கு 25 முழுப் படங்கள், ஒவ்வொரு படமும் 625 கோடுகள், ஒற்றைப்படைக் கோடுகள் ஒருமுறையும் இரட்டைப்படைக் கோடுகள் ஒருமுறையுமாக நொடிக்கு 50 தடவை எலெக்ட்ரான் கதிர் திரையைத் தடவிச் செல்லும்.

ஏன் 50? நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 தடவை அலைவதால். தொடக்ககாலப் பெட்டிகளில், மின்சாரத்தின் அலைவும் படத்தின் அலைவும் வேறுபட்டிருந்தால் திரையின் குறுக்கே ஒரு நிழற்பட்டை மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். அதைத் தவிர்க்கவே ஐரோப்பாவில் 50 என்றும், மின்சாரம் 60 தடவை அலையும் அமெரிக்காவில் 60 என்றும் வைத்தார்கள். நாம் ஐரோப்பிய முறையைக் கைக்கொண்டோம். கம்ப்யூட்டரோ அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆதலால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் தீர்த்தமலை மானிட்டரும் இன்றைக்கும் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் என்ற அமெரிக்க மின்விளக்கின் கணக்கிலேயே துடிக்கிறது. ரெஃப்ரெஷ் ரேட் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது இந்தத் துடிப்பைத்தான்.

குழாய்த் திரையில் அந்த எண்ணிக்கைக்கு உயிர்நாடியான மதிப்பு இருந்தது. கதிர் தொட்ட புள்ளி மறுகணமே மங்கத் தொடங்கும், மீண்டும் கதிர் வருவதற்குள் அது மங்குவதைக் கண் உணர்ந்தால் படம் படபடக்கும், தலை வலிக்கும். அறுபது போதாது, எழுபத்தைந்தோ எண்பத்தைந்தோ வேண்டும் என்று சொல்லப்பட்டது அதனாலேதான். தொண்ணூறுகளின் அலுவலகங்களில் மானிட்டரின் நெற்றியில் கொக்கிபோட்டு மாட்டித் தொங்கவிட்டிருந்த கறுப்புக் கண்ணாடியையும், கம்ப்யூட்டர் அறை வாசலில் கோயில் வாசலைப் போலவே வரிசையாகக் கழற்றி விடப்பட்டிருந்த செருப்புகளையும், வகுப்பு முடிந்ததும் திரைக்குப் போர்த்திய உறைகளையும் பார்த்தவர்கள், அந்த யந்திரத்துக்கு நாம் காட்டிய பயபக்தியை மறந்திருக்க மாட்டார்கள். இன்றைய திரவப் படிகத் திரையில் ஒரு புள்ளி தனக்கு இட்ட கட்டளையை அடுத்த கட்டளை வரும்வரை அப்படியே தாங்கி நிற்பதால், படபடப்பு என்ற பழைய உபாதை பெரும்பாலும் இல்லை. ஆகவே சான்றிதழ் அச்சடிக்கவும் பாடம் படிக்கவும் அறுபதே போதும். 144 என்றும் 165 என்றும் விளம்பரம் செய்வது துப்பாக்கிச் சண்டை விளையாடும் வாலிபர்களுக்காக. அவர்களுக்கு அது மெய்யாகவே உபயோகந்தான்.

இனி 1920-க்கு 1080. இதுதான் பெட்டியில் உள்ள எண்களுள் மிக முக்கியமானது என்பது என் அபிப்பிராயம். தமிழ் வாசிப்பவர்களுக்கு முக்கியத்துவம் இன்னும் அதிகம். திரை என்பது புள்ளிகளாலான வயல். கிடையாக எத்தனை புள்ளி, நெடுக்காக எத்தனை புள்ளி என்பதே ரெசல்யூஷன். 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதன் வண்ணத் திரைக்கு, 320-க்கு 200 புள்ளிகளும் நான்கே நிறங்களும் கிடைத்தன. ஓர் எழுத்துக்கு எட்டுப் புள்ளி அகலம், எட்டுப் புள்ளி உயரம். ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு அந்தக் கட்டம் போதும். அதற்குள் நம்முடைய எழுத்தைப் பொருத்திப் பாருங்கள். றன்னகரத்துக்கு இரண்டு சுழி. டண்ணகரத்துக்கு மூன்று சுழி. ஒவ்வொரு சுழிக்கும் உள்ளே ஓர் இருண்ட புள்ளியாவது இருந்தால்தான் அது சுழி என்று தெரியும். சுழியின் இருபுறமும் ஒளிரும் கோடு வேண்டும். அதற்குப் பிறகு நிமிர்ந்த காலும் அடுத்த எழுத்தோடு ஒட்டாதிருக்க இடைவெளியும் வேண்டும். எட்டுப் புள்ளிக்குள் இது நடவாத காரியம். மூன்று சுழி இரண்டாகும், இரண்டு சுழி ஒரு கறையாகும். மணம் மனம் ஆகிவிடும், பணி பனி ஆகிவிடும்.

இந்த அவஸ்தை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராயிருந்த வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர், தம் தாய்மொழி எழுத்தை ஐ.பி.எம். திரையில் காட்டவேண்டும் என்ற ஆசையால் ஒரு கிராஃபிக்ஸ் அட்டையை உருவாக்கி, 1982-இல் ஹெர்குலிஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 720-க்கு 348 புள்ளிகளை ஒரே நிறத்தில், ஆனால் கூர்மையாகக் காட்டிய அந்த அட்டை உலகெங்கும் பரவியது. தாய் எழுத்துக்காகப் பிறந்தது, கணக்குப் பிள்ளைகளுக்கும் படம் வரைபவர்களுக்கும் வரப்பிரசாதமாயிற்று. நம் நாட்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் எண்பதுகளில் நடந்த ஆராய்ச்சியின் பயனாகப் பிறந்து, 1988-இல் புணேயில் அமைந்த சி-டாக் நிறுவனத்தால் வளர்க்கப்பட்ட ஜிஸ்ட் அட்டை, யந்திரத்தின் உள்ளே செருகியவுடன் தமிழ் முதலிய இந்திய லிபிகளைத் திரையில் வரவழைத்தது. அதற்குச் சற்று முன்பே, 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு கைக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம், தும்பிக்கை போட்ட ணை, லை முதலியவற்றையும் சுழித்து மடித்த ணா, றா, னா முதலியவற்றையும் நேராக்கி விட்டிருந்தது. தட்டச்சையும் அச்சுக்கோப்பையும் எண்ணிச் செய்த அந்த மாற்றம், புள்ளித் திரைக்கும் எதிர்பாராத உதவியாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் ஒரு பிரமாணத்தை வகுத்தது. விண்டோஸ் 2000-இல் லதா என்ற எழுத்துரு உடன் வந்தது. இவ்வளவும் ஆன பின்னும் திரையில் போதிய புள்ளிகள் இல்லையென்றால் லதா என்ன செய்வாள்?

ஆகையால் தமிழில் அதிகம் படிக்கிறவர் அங்குலத்தையும் புள்ளியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1920-க்கு 1080 புள்ளிகளை 21.5 அங்குலத்தில் அடக்கினால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 102 புள்ளி. அதையே 24 அங்குலத்துக்கு விரித்தால் 92. 27 அங்குலத்துக்கு விரித்தால் 82-க்கும் கீழ். பெரிய திரை வாங்கினோம் என்ற திருப்தியோடு 27 அங்குலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, எழுத்தின் ஓரம் பிசிறடிப்பதைக் கண்டு கண்ணாடி மாற்றப் புறப்படுபவர் பலர். 27 அங்குலம் வேண்டுமானால் 2560-க்கு 1440 புள்ளி வேண்டும்; அப்போது அங்குலத்துக்கு 109 கிடைக்கும். மடிக்கணினிகளில் நெடுநாள் வழங்கிய 1366-க்கு 768 என்ற அலங்கோலமான எண்ணும் ஒரு பழைய கோலின் எச்சந்தான்: முந்திய 1024-க்கு 768 என்ற நான்குக்கு மூன்று திரையின் உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு பதினாறுக்கு ஒன்பதாக அகலப்படுத்தினால் 1365-உம் பின்னமும் வருகிறது, பின்னத்தை முழுமையாக்கி 1366 என்றார்கள். ஒவ்வொரு புள்ளியும் தனக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று கீற்றுகளை உடையது. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்துவைத்து, விரல் நுனியால் ஒரு சிறு நீர்த்துளியைத் தெறித்துப் பார்த்தால், அந்தத் துளியே பூதக்கண்ணாடியாகி, வெண்மை என்று நாம் நினைத்த இடத்தில் மூன்று நிறக் கீற்றுகளும் மாறிமாறி நிற்பதைக் காட்டும். பரீட்சித்த பின் உடனே துடைத்துவிட வேண்டும் என்பதை எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறேன்.

குழாயை விரட்டிய திரவப் படிகத்தின் சரித்திரம் காரட் கிழங்கிலிருந்து தொடங்குகிறது. 1888-இல் பிராகா நகரத்துத் தாவர சாஸ்திரி ஃபிரெடரிக் ரைனிட்சர், காரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலின் கூட்டுப்பொருள் ஒன்றைச் சூடாக்கினார். 145.5 டிகிரியில் அது உருகிக் கலங்கிய திரவமாயிற்று, 178.5 டிகிரியில் அந்தக் கலக்கம் நீங்கித் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று அவர் திகைத்தார். திரவம்போல் ஓடிக்கொண்டே படிகம்போல் ஒழுங்கும் காக்கும் ஒரு நிலை அது. அநேக ஆண்டுகள் இது விஞ்ஞானிகளின் வேடிக்கைப் பொருளாகவே கிடந்தது. அமெரிக்காவில் ஹைல்மையர் குழுவினர் 1968-இல் இதைக்கொண்டு முதல் காட்சித் திரையை அறிவித்தார்கள். ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் ஷாட், ஹெல்ஃபிரிக் என்ற இருவர் 1970-இன் இறுதியில், மூலக்கூறுகளை முறுக்கி நிறுத்தி, மின்னழுத்தம் தந்தவுடன் முறுக்கு அவிழச் செய்து ஒளியைத் திறக்கவும் மூடவும் வழி கண்டார்கள். டி.என். என்று இன்று மலிவான மானிட்டர்களில் வழங்குவது அந்த முறுக்குத்தான்.

முறுக்குத் திரைக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. நேரே பார்த்தால் நிறம் சரியாக இருக்கும். பக்கத்திலோ கீழிருந்தோ பார்த்தால் முகம் கருத்து நிறம் தலைகீழாகும். இந்தக் குறைக்கு மருந்து, தருமபுரிக்காரர் பஸ்ஸேறிச் சில மணி நேரத்தில் போய்வரும் பெங்களூரிலிருந்து வந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சர் சி.வி. ராமனின் சகோதரி மகனான சிவராமகிருஷ்ண சந்திரசேகர், ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் தம் சகாக்களோடு சேர்ந்து 1977-இல், குச்சி வடிவ மூலக்கூறுகள் மட்டுமே திரவப் படிகமாகும் என்று அதுவரை இருந்த நம்பிக்கையைத் தகர்த்து, வட்டத்தட்டு வடிவ மூலக்கூறுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்று திரவப் படிகமாகும் என்று காட்டினார். அப்போது அதனால் யாருக்கும் காசு பயன் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் அத்தகைய தட்டு மூலக்கூறுகளைப் பூசிய மெல்லிய படலத்தைச் செய்து முறுக்குத் திரையின் மேல் ஒட்டியபோது, பக்கப் பார்வையின் கருமை பெருமளவு விலகியது. கோடிக்கணக்கான மானிட்டர்களின் முகத்தில் அந்தப் படலம் ஒட்டப்பட்டது. கடைகளில் சந்திரசேகரின் பெயரை உச்சரித்தவர் இல்லை.

பிறகு, குறையின் வேரையே வெட்ட எண்ணி, மூலக்கூறுகளை முறுக்காமல் ஒரே தளத்தில் திருப்பும் ஐ.பி.எஸ். முறையை ஹிட்டாச்சி 1996-இல் கொண்டுவந்தது. மூலக்கூறுகளைச் செங்குத்தாக நிறுத்தும் வி.ஏ. முறையை ஃபியூஜிட்ஸு அதையடுத்துச் செப்பனிட்டது. பெட்டியின் மேல் 178 டிகிரி என்று இருப்பது இந்த ஐ.பி.எஸ். முதலியவற்றின் பார்வைக் கோணம்; ரைனிட்சரின் 178.5-க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எனினும் இரண்டையும் ஒரே நாளில் வாசித்தவனுக்குப் புன்னகை வரத்தான் செய்யும். மேசைக்கு எதிரே சான்றிதழுக்காக நிற்பவரும் எட்டிப் பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு ஐ.பி.எஸ். உத்தமம், விளக்கை அணைத்துச் சினிமா பார்ப்பவருக்கு வி.ஏ. நன்று, கருமை அதில் கருமையாகவே இருக்கும்.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடலாம். கான்ட்ராஸ்ட் என்பது திரையின் வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள ஒளி விகிதம். ஐ.பி.எஸ். திரையின் உண்மையான கான்ட்ராஸ்ட் ஆயிரத்துக்கு ஒன்றை ஒட்டியது, வி.ஏ.க்கு மூவாயிரத்துக்கு ஒன்று. பத்து லட்சத்துக்கு ஒன்று, கோடிக்கு ஒன்று என்று 'டைனமிக்' அடைமொழியோடு அச்சிட்டிருப்பது, விளக்கையே மங்கச் செய்து எடுத்த கணக்கு, அதைப் படிக்காமலே விடலாம். ரெஸ்பான்ஸ் டைம் என்பது ஒரு புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரம். ஒரு மில்லிசெகண்டுக்கும் ஐந்துக்கும் உள்ள வேற்றுமை எக்ஸெல் தாளில் தெரியாது. எல்.இ.டி. மானிட்டர் என்று விற்பதும் திரவப் படிகத் திரைதான். பின்னே ஒளிரும் விளக்கு மட்டும் பழைய மெல்லிய குழல்விளக்கிலிருந்து எல்.இ.டி.க்கு மாறியிருக்கிறது. 1993-இல் ஜப்பானின் நகாமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்துகாட்டியிராவிட்டால் அந்த வெள்ளை விளக்கு இல்லை. அதற்காக 2014-இல் அவருக்கும் அகாசாகி, அமானோ என்ற இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கடைசியாகப் பெட்டியைத் திருப்பிப் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். விலை பேசி முடித்து வீட்டுக்கு வந்தபின் அநேகர் விழிப்பது இங்கேதான். நீல நிறத்தில், மூன்று வரிசையில் பதினைந்து ஊசிகளோடு, இருபுறமும் திருகு வைத்து முடுக்கும் வி.ஜி.ஏ. வாயை ஐ.பி.எம். 1987-இல் கொண்டுவந்தது. எலெக்ட்ரான் கதிரின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்றபடி அலையும் மின்சாரத்தைச் சுமப்பதற்காகவே அமைந்த கம்பி அது. கதிரே இல்லாத தட்டைத் திரைக்கு அந்த அலையை வாங்கி மறுபடி எண்ணாக மாற்றிக்கொள்ளும் வீண் வேலை. 1999-இல் டி.வி.ஐ., 2002-இல் ஹெச்.டி.எம்.ஐ., 2006-இல் டிஸ்ப்ளே போர்ட் என்று எண்களை எண்களாகவே கொண்டுசெல்லும் கம்பிகள் வந்தன. 2015-க்குள் வி.ஜி.ஏ.யைக் கைவிடுவோம் என்று 2010-இன் இறுதியில் இன்டெல், ஏ.எம்.டி., டெல், லெனோவா, சாம்சங், எல்.ஜி. ஆகிய நிறுவனங்கள் கூடி அறிவித்தன. அறிவித்தவர்கள் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் புரொஜெக்டர்களையும் அலுவலகங்களின் பழைய சி.பி.யு.க்களையும் கேட்டுக்கொண்டு அறிவிக்கவில்லை. ரேடியோ உதிரிபாகக் கடைகளாகத் தொடங்கிய சென்னை ரிச்சி தெருவிலும், தருமபுரிக்காரர்களுக்கு அதைவிட அணித்தான பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும், ஹெச்.டி.எம்.ஐ.யை வி.ஜி.ஏ.வாக மாற்றும் கட்டைவிரல் நீளக் கன்வெர்ட்டர் இன்றும் தட்டுத்தட்டாக விற்கிறது. வாங்குபவர் தம்முடைய சி.பி.யு.வின் பின்புறத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால் அந்தக் கன்வெர்ட்டருக்குக் காசு கொடுக்க வேண்டியிராது. கம்பி மானிட்டரோடு பெட்டியிலேயே வருகிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.